மழை பொய்த்ததும் முன்பணம் வந்ததும்: செஞ்சி வட்டாரத்து இடப்பெயர்வு குறித்துச் சில கேள்விகள்

கேள்வி

செஞ்சிக்கு அருகிலுள்ள தொண்டூரைக் கல்வெட்டு ஆய்வாளர்கள் நன்கறிவார்கள். சமணத் துறவியருக்காக வெட்டிய கற்படுக்கைகள், தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு, பாறையில் செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள் என்று ஒரு சிற்றூருக்கு அளவுக்கு மீறிய பழம்பெருமை அதற்கு உண்டு. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராத்திய ராணுவ நிலவமைப்புகள் என்ற தொகுதியின் ஓர் உறுப்பாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கல்லில் எஞ்சியவற்றைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, இனியும் எழுதுவார்கள். இதே வட்டாரத்தின் காலனிகளிலிருந்தும் ஏரிக்கரை இருளர் குடியிருப்புகளிலிருந்தும் பொங்கல் கழிந்த கையோடு சட்டி பானை, கோழிக்கூடு, கைக்குழந்தை சகிதம் லாரி ஏறிச் செங்கல் சூளைக்குப் போகிறவர்களைப் பற்றி எழுதியது மிகக் குறைவு.

இவர்களைப் 'பருவநிலை அகதிகள்' என்று அழைக்கலாமா? உலக அளவில் இன்று புழங்கும் சொல்லாடல் அப்படி அழைக்கத் தூண்டுகிறது. மழை மாறுகிறது, நிலம் கைவிடுகிறது, மனிதர் நகர்கிறார்கள். நகர்பவர்களில் கறுப்பினத்தவரும் பழங்குடியினரும் மிகுதி. ஆகவே பருவநிலை நீதி என்பது இன நீதியும்கூட. இந்த வாதத்தின் முடிவை நான் ஏற்கிறேன். ஆனால் அது முடிவுக்கு வந்து சேரும் பாதையில் ஒரு கண்ணி விடுபட்டிருக்கிறது. மழை பொய்த்த ஊரில் எல்லோரும் கிளம்பிவிடுவதில்லை. கிளம்புகிறவர்கள் எல்லோரும் ஒரே நிபந்தனையில் போவதுமில்லை. பயணச் செலவை யார் கொடுத்தார், எந்தக் கணக்கில் எழுதிக்கொண்டு கொடுத்தார் என்பதைத் தொடர்ந்து போனால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. அந்தச் சித்திரத்தைப் பழைய தென்னார்க்காட்டின் வடபகுதியை வைத்து வரைந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதுவரை சொல்லப்பட்டவை

பருவநிலை இடப்பெயர்வு குறித்த எழுத்துகளில் மூன்று போக்குகளைக் காணலாம். முதலாவது, எண்ணிக்கையை முன்வைப்பது. உலக வங்கியின் 2021ஆம் ஆண்டு அறிக்கை, 2050க்குள் ஆறு பிராந்தியங்களில் 21.6 கோடிப் பேர்வரை தத்தம் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர நேரலாம் என்றது. அதில் தெற்காசியாவின் பங்கு ஏறத்தாழ 4 கோடி. இத்தகைய மதிப்பீடுகள் அரசுகளை விழிக்க வைக்கும். ஆனால் அவற்றில் மனிதர்கள் சாதியற்றவர்களாக, கடனற்றவர்களாக, நிலமுள்ளவரும் இல்லாதவரும் ஒன்றே என்பதுபோல வருகிறார்கள்.

இரண்டாவது போக்கு, போக முடியாதவர்களைக் கவனிப்பது. பிரிட்டிஷ் அரசின் அறிவியல் அலுவலகம் 2011இல் வெளியிட்ட ஆய்வு, பேரிடரில் மிகவும் நலிந்தவர்கள் இடம்பெயர வழியின்றி அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள் என்று வாதிட்டது. இடம்பெயரக் கைக்காசு வேண்டும், தொடர்பு வேண்டும். வறியவரிடம் இரண்டும் இல்லை. இது முக்கியமான திருத்தம்தான். எனினும் தமிழ்நாட்டு அனுபவம் இதனோடு முழுக்கப் பொருந்தவில்லை. இங்கே மிகவும் நலிந்தவர்கள்தாம் முதலில் லாரி ஏறுகிறார்கள்.

மூன்றாவது போக்கு வரலாற்றாசிரியர்களுடையது. பஞ்சம் என்பது உணவு இல்லாமை அன்று, உணவைப் பெறும் உரிமை இல்லாமை என்று அமர்த்தியா சென் 1981இல் வாதிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பஞ்சங்களை எல் நினோவும் காலனியச் சந்தைக் கொள்கையும் சேர்ந்து விளைவித்தவை என்று மைக் டேவிஸ் 2001இல் எழுதினார். வங்காள விரிகுடாவைக் கடந்த மக்களின் கதையைப் பருவக்காற்றோடு இணைத்து சுனில் அம்ரித் 2013இல் எழுதினார். இம்மூவரையும் சேர்த்து வாசித்தால் இயற்கை, அரசு, கடல் மூன்றும் தெரிகின்றன. ஊருக்கும் சேரிக்கும் நடுவே கிடக்கும் தெரு அவ்வளவாகத் தெரிவதில்லை. அதற்கு தர்மா குமாரிடம் போக வேண்டும். தென்னிந்தியாவில் நிலமற்ற கூலிகள் ஆங்கிலேயர் ஆட்சியில் திடீரென உருவான வர்க்கமன்று, சாதியின் பெயரால் நிலம் மறுக்கப்பட்ட பெருங்கூட்டம் முன்பே இருந்தது என்று 1965இல் வெளிவந்த தம் நூலில் அவர் காட்டினார். ரூபா விஸ்வநாத்தின் 2014ஆம் ஆண்டு நூல் இதை இன்னும் கூர்மையாக்கியது: சென்னை மாகாண அரசும் மிஷனரிகளும் நிலவுடைமைச் சாதியாரும் பறையர் அடிமைத்தனத்தை மதம், வழக்கம் என்ற பெயர்களில் மென்மைப்படுத்திப் பேசக் கற்றுக்கொண்டதை அவர் ஆவணங்களின் வழியே எடுத்துக்காட்டுகிறார்.

தாது வருஷம்

நம் பாட்டன்மார் நாவில் 'தாது வருஷப் பஞ்சம்' என்று நின்றுவிட்ட 1876–78 பெரும்பஞ்சத்தில் தொடங்கலாம். 1876இல் சென்னை மாகாணத்தில் பருவமழை பொய்த்தது. மறு ஆண்டு தென்மேற்குப் பருவமும் கைவிட்டது. 1877–78இல் பசிபிக்கில் உருவான எல் நினோ, பதிவானவற்றுள் மிக வலிமையானவற்றில் ஒன்று. அதே 1877இல் இந்தியப் பெருங்கடலின் மேற்கும் கிழக்கும் வெப்பத்தில் பெரிதும் வேறுபட்டிருந்தன என்றும் 2018இல் தீப்தி சிங் குழுவினர் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இது இயற்கையின் மாறுபாடு, ஆலைப் புகையால் விளைந்த இன்றைய வெப்பமாதல் அன்று. தாது வருஷத்தை இங்கே எடுத்துக்கொள்வதன் காரணம் வேறு. மழை பெருமளவில் பிறழும்போது சமூகம் யாரை எப்படி வெளியே தள்ளுகிறது என்பதை முழுமையாகப் பார்க்க நமக்குக் கிடைத்த பெரிய சான்று அது.

வைஸ்ராய் லிட்டன், விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்க 1877 ஜனவரி முதல் நாள் டெல்லியில் தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். செலவைக் கட்டுப்படுத்த சென்னைக்கு அனுப்பப்பட்டவர் ரிச்சர்ட் டெம்பிள். நிவாரணப் பணியில் கல் உடைக்கும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று அவர் வகுத்ததே 'டெம்பிள் கூலி' என்று பெயர்பெற்றது. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். கடின உழைப்புக்கு இது உயிர் தாங்கும் அளவன்று என்பது அவர் வாதம். இந்த நிவாரணக் கூலிகளைக் கொண்டுதான் சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைத் தாங்கிய அந்தக் கால்வாயின் தென்முனை இன்றைய விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம். பஞ்சத்தின் நினைவுச் சின்னம் நம் மாவட்டத்திலேயே நீண்டு கிடக்கிறது. நாம்தான் அதைச் சாக்கடை என்று கடந்து போகிறோம்.

பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்பஞ்சத்தில் மாண்டனர் என்பது அரசின் பஞ்ச ஆணையமே ஒப்புக்கொண்ட கணக்கு. பிழைத்தவர்களில் பலருக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, முகாம். மற்றொன்று, கப்பல். இலங்கைத் தோட்டங்களுக்குப் பெரும்பகுதி திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்தவர் போனார்கள். வடார்க்காடு, தென்னார்க்காடு, செங்கல்பட்டுப் பகுதியினருக்குச் சென்னைத் துறைமுகம் வழியாக மொரீஷியசும் நேட்டாலும் பர்மாவும். செஞ்சியிலிருந்து இரண்டு நாள் நடைத் தொலைவில் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி வேறு இருந்தது. 1861ஆம் ஆண்டு பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரீயூனியன், மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகள் ஏற்றப்பட்டனர்.

இங்கேதான் முன்பணம் வருகிறது. பட்டினியில் கிடப்பவனிடம் கப்பல் கட்டணம் ஏது? ஒப்பந்தக் கூலி முறையில் தோட்ட முதலாளி கட்டணத்தைக் கட்டி ஐந்தாண்டு உழைப்பை எழுதி வாங்கிக்கொண்டார். இலங்கையில் கங்காணி முன்பணம் கொடுத்து அழைத்துப்போய், அதைக் கூலியின் கணக்கில் ஏற்றினார். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் பாக்கிக் கடனைக் குறித்த 'துண்டு' என்ற சீட்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனை ஏற்றால்தான் ஆள் நகர முடியும். 1921இல்தான் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள். சிக்கிக்கொண்டவர்கள் என்று பிரிட்டிஷ் ஆய்வு சொன்ன அதே மக்களை, சிக்கலை அவிழ்க்காமலேயே இடம் மாற்றும் உபாயம் இது. கால் நகர்ந்தது, கட்டு அப்படியே இருந்தது.

மறுபக்கமும் உண்டு. வெளியேற்றத்தை வெறும் அவலமாக மட்டும் பார்ப்பது, போனவர்களின் அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும். பண்ணையாட்கள் கப்பலேறுவதை மிராசுதாரர்கள் விரும்பவில்லை என்பதே ஒரு சான்று. ரெட்டமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர். பின்னர் தாமே தென்னாப்பிரிக்கா சென்று நேட்டாலில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்', கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாசகர்களைப் பெற்றது. ஊரைவிட்டுப் போனவர்களின் காசும் கடிதமும் ஊரில் தங்கியவர்களின் அரசியலுக்கு உரமாயின. ஆகவே பஞ்சம் தள்ளியது என்பதோடு, சேரி தானாகவே கிளம்பவும் செய்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பதிவேட்டின் பத்திகள்

நேட்டாலுக்குப் போன கப்பல்களின் பயணிப் பதிவேடுகள் இன்றும் கிடைக்கின்றன. 1860க்கும் 1911க்கும் இடையே அங்கே இறங்கியவர்கள் சுமார் 1,52,000 பேர். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், அங்க அடையாளம் என்று பத்திகள் ஓடுகின்றன. எழுதிய குமாஸ்தா ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் கொலை செய்திருக்கிறார். சாதிப் பத்தியில் மட்டும் அவர் தடுமாறுவதில்லை. ஏன் கிளம்பினாய் என்று கேட்கும் பத்தி எதுவும் இல்லை. மழை, ஏரி, கடன், அடி, பசி எதற்கும் அங்கே இடம் ஒதுக்கவில்லை.

டர்பனில் இறங்கியதும் சாதிப் பத்தி பின்னுக்குப் போய் நிறம் முன்னுக்கு வந்தது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் நிலம் வாங்கவும் காய்கறி விற்கவும் தொடங்கியதும் வெள்ளையர் குடியேற்ற அரசு விழித்துக்கொண்டது. 1895ஆம் ஆண்டுச் சட்டம், புதிதாக வருவோர் ஒப்பந்தம் முடிந்ததும் மீண்டும் ஒப்பந்தம் செய்ய வேண்டும், அல்லது ஊர் திரும்ப வேண்டும், அல்லது ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும் என்றது. ஒப்பந்தக் கூலியின் தொடக்கச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். அதாவது வரி மட்டும் ஆறு மாதச் சம்பளம். 1913 வேலைநிறுத்தத்தின் உயிர்நாடி இந்த வரி எதிர்ப்பே. மறு ஆண்டு வரி நீக்கப்பட்டது. பள்ளிப் பாடம் இதைக் காந்தியின் கதையாகச் சொல்கிறது. சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலையை நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் பஞ்ச மாவட்டங்களிலிருந்து போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும் என்பதை அது சொல்வதில்லை.

இலங்கையில் கதை வேறு வடிவம் எடுத்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்துக் கொடுத்து, ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. அங்கேயே தங்கியவர்கள் லயன் வீடுகளில் தொடர்ந்தனர். 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் கொஸ்லந்தையில் மீரியபெத்தை தோட்டத்து லயன்கள் மண்சரிவில் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கேட்டு எங்கே போவது? வீடும் நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். தாது வருஷத்தில் வறட்சியைத் தப்பி ஓடிய கூட்டத்தின் வழிவந்தவர்கள், ஒன்றரை நூற்றாண்டு கழித்து மழையில் புதைகிறார்கள் என்றால் இரண்டுக்கும் நடுவே மாறாமல் நின்றது நிலமின்மை.

இருவேல்பட்டின் சாட்சி

போனவர்களை விட்டு ஊரில் தங்கியவர்களிடம் வருவோம். விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு, இந்தியச் சமூக அறிவியலில் அபூர்வமாகத் திரும்பத் திரும்ப ஆராயப்பட்ட கிராமங்களில் ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு கணக்கெடுத்த ஊர்களில் அதுவும் ஒன்று. பின்னர் 1980களில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும், 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோரும் மீண்டும் போனார்கள்.

ஸ்லேட்டர் காலத்து இருவேல்பட்டில் படியாட்கள் இருந்தனர். கல்யாணச் செலவுக்கு வாங்கிய கடனுக்காகப் பண்ணையில் கட்டுண்டவர்கள் அவர்கள். 2008இல் போனவர்கள் கண்டது, பெரும் நிலக்கிழார் குடும்பத்தின் பிடி தளர்ந்துபோன, ஊருக்கு வெளியே வேலை தேடும் வழிகள் பெருகிய கிராமத்தை. படியாள் முறை போய்விட்டது. இதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. தலித் மக்களின் சொந்தப் போராட்டமும் ரேஷன் அரிசியும் பள்ளிக்கூடமும் சேர்ந்து சாதித்தது அது. 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் நாட்டில் தொடங்கியபோது தமிழகத்தின் முதல் ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. ஊர்க்கூலி உயர்ந்ததில் அதற்கும் பங்குண்டு.

ஆனால் நிலம்? செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரமன்ஹீர் 1891இல் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். அந்நிலத்தில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது என்பதும், மீட்கக் கேட்டவர்கள் மீது 1994இல் செங்கல்பட்டுப் பக்கம் காரணையையொட்டித் துப்பாக்கிச் சூடு நடந்ததும் அண்மை வரலாறு. விழுப்புரத்தில், 2011 கணக்கின்படி, மக்கள்தொகையில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். நிலத்தில் அவர்கள் பங்கு இதற்கு அருகில்கூட வராது.

சேம்பர்

திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துப் பெரிய செங்கல் சூளைகளை வடமாவட்டத்தார் 'சேம்பர்' என்கிறார்கள். பருவம் ஜனவரியில் தொடங்கி ஜூன், ஜூலைவரை ஓடும். மழைக்காலத்தில் சூளை மூடியிருக்கும்போதே மேஸ்திரி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்துவிடுவார். ஆளுக்குக் கொடுப்பதில்லை, ஜோடிக்குக் கொடுப்பார். புருஷன் பெண்டாட்டி சேர்ந்துதான் ஓர் அலகு. பிள்ளைகள் கணக்கில் வராத உழைப்பு.

வெயிலுக்குப் பயந்து வேலை நள்ளிரவு தாண்டியதும் தொடங்குகிறது. முதல் நாள் மாலை தண்ணீர் விட்டு ஊறவைத்த மண்ணை ஆண் மிதித்துக் குழைப்பார். பெண் உருட்டிக் கொடுப்பார். அச்சில் அடித்துக் களத்தில் வரிசையாகக் கவிழ்ப்பார்கள். வெயில் ஏறியதும் கல்லைப் புரட்டிவிடப் பிள்ளைகள் வருவார்கள். காய்ந்ததை அடுக்கிய பிறகுதான் எண்ணுவது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வாரம் ஒருமுறை சாப்பாட்டுக்குச் செலவுக்காசு கிடைக்கும். அது போக மீதி எல்லாம் மேஸ்திரியின் நோட்டில். பருவம் முடியும்போது முன்பணத்தைக் கழித்துக் கணக்குப் பார்ப்பார்கள். கணக்கு நேராகவில்லையென்றால் பாக்கி அடுத்த ஆண்டுக்குப் போகும்.

இப்போது கோடையில் ஒரு மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். களத்தில் கிடக்கும் பச்சைக்கல் அத்தனையும் கரைந்து மறுபடி சேறாகிவிடும். எண்ணாத கல்லுக்குக் கூலி இல்லை. மழை நின்ற பிறகு களத்தைச் சீர்செய்யும் நாட்களுக்கும் கூலி இல்லை. செலவுக்காசு மட்டும் கடனாக ஏறிக்கொண்டிருக்கும். பருவம் தப்பிய மழையின் இழப்பு முழுவதும் கல் அறுப்பவரின் கணக்கில் விழும்படி கூலிமுறையே அமைந்திருக்கிறது. இடப்பெயர்வு பற்றிய ஆய்வுகள் புறப்படும் ஊரின் பருவநிலையையே பார்க்கின்றன. போய்ச் சேரும் இடத்தின் பருவநிலையை யார் சுமக்கிறார் என்று கேட்பது அரிது. நள்ளிரவு வேலையும் வெப்பமும் கரைந்த கல்லும் அந்தக் கேள்விக்குள்தான் வருகின்றன.

இங்கே ஒரு மாற்றுக் கருத்தை எடைபோட வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்து இசபெல் கெரென், ஜி. வெங்கடசுப்பிரமணியன் முதலியோர் இப்பகுதியின் முன்பணத் தொழிலாளர்களை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். முன்பணம் வறட்சிக்கால உயிர்ப்பிழைப்புக்கு மட்டும் வாங்கப்படுவதில்லை. கல்யாணம், காதுகுத்து, வீடு, மருத்துவம், பழைய கடன் எல்லாவற்றுக்கும் வாங்கப்படுகிறது, மரியாதையோடு வாழும் ஆசையும் அதில் இருக்கிறது என்பது அவர்கள் ஆய்வுகளிலிருந்து பெறப்படும் முக்கியமான செய்தி. அப்படியானால் பருவநிலைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நேர்க்கோட்டுத் தொடர்பு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொடர்பு நிலக்காரரின் முடிவுகள் வழியாக வருகிறது. கிணறு வற்றி ஆள்கூலியும் ஏறும்போது நிலக்காரர் நெல்லையும் மணிலாவையும் விட்டுச் சவுக்கு நடுகிறார். மூன்று நான்கு ஆண்டுக்கு நடவு, களை, அறுப்பு எதுவும் இல்லை. அல்லது அறுவடைக்கு எந்திரம் வருகிறது. நிலமுள்ளவருக்கு இது தகவமைப்பு. நிலமில்லாதவருக்கு ஊரில் வேலை நாள் போயிற்று. அந்த வெற்றிடத்தை நிரப்ப மேஸ்திரி காத்திருக்கிறார்.

இருளர் நிலை இன்னும் இறுக்கமானது. தமிழகத்தின் ஆறு தொல் பழங்குடிகளுள் ஒன்றான இவர்கள் 2011இல் சுமார் 1.9 லட்சம் பேர். விழுப்புரம் மாவட்டச் சமவெளியில் ஏரிக்கரை, ஓடைப் புறம்போக்குகளில் குடியிருக்கிறார்கள். கரும்பு வெட்டு, மரம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுடுவது, சூளை என்று முன்பண வேலைகளில் எங்கும் அவர்கள் இருக்கிறார்கள். திண்டிவனத்தை மையமாகக் கொண்டு பேராசிரியர் பிரபா கல்விமணி நடத்திவரும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் சாதிச் சான்றிதழுக்கும் மனைப்பட்டாவுக்குமே ஆண்டுக்கணக்கில் மன்றாட வேண்டியிருக்கிறது. வெள்ளத்தைச் சமாளிக்க ஏரிகளைத் தூர்வாரி ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்பதில் சூழலியலாளர்களிடையே மாற்றுக் கருத்தில்லை. 2007இலிருந்து அதற்குச் சட்டமும் இருக்கிறது. கரையில் குடிசை போட்டிருக்கும் இருளரும், ஏரியை வளைத்துக் கட்டடம் எழுப்பியவரும் அச்சட்டத்தின் முன் ஒரே பெயரால் அழைக்கப்படுகிறார்கள். முதலில் அப்புறப்படுத்தப்படுவது யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஃபெஞ்சலும் நிவாரணப் பட்டியலும்

2016இன் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. எட்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி திறக்கப்பட்டதில் தென்பெண்ணை ஊர்களுக்குள் புகுந்தது. ஒரு புயலை வைத்துப் பருவநிலை மாற்றத்தை நிறுவ முடியாது. வங்கக் கடல் சூடாகும்போது காற்று தாங்கும் ஈரம் கூடும், கொட்டும் மழையின் கடுமை கூடும் என்ற இயற்பியலில் ஐயத்துக்கு இடமில்லை.

அப்போது வெளியான நிவாரண அறிவிப்பை ஒரு சமூக ஆவணமாக வாசிக்கலாம். குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய். சேதமடைந்த குடிசைக்கு 10,000. நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000. மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. வயல் மூழ்கியதால் வேலை இழந்த கூலிக்கு என்று ஒரு வரி இல்லை. பயிர் இழப்பீடு அடங்கலில் பெயருள்ளவருக்குப் போகும். குடும்ப அட்டை இல்லாத இருளர் 2,000 ரூபாய்க்கும் வெளியே. இழப்பு என்பது உடைமையின் இழப்பு என்று வரையறுத்துவிட்டால், உடைமையற்றவர் எதையும் இழக்காதவர் ஆகிவிடுகிறார். அந்த டிசம்பரில் நெடுஞ்சாலையை மறித்த மக்களிடம் பேச வந்த அமைச்சர் மீது சேறு வீசப்பட்ட செய்தியைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். அது நடந்த ஊர் இருவேல்பட்டு. ஸ்லேட்டரின் வாரிசுகள் மீண்டும் ஒருமுறை போவதானால் தொடங்க நல்ல இடம்.

சாதியும் இனமும்

இவற்றை இன நீதி என்ற தலைப்பின்கீழ்க் கொண்டுவர முடியுமா? இனவெறி குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக இருந்த டெண்டாயி அச்சியூம் 2022இல் அளித்த அறிக்கை, சூழல் நெருக்கடியின் சுமை காலனிய வரலாறு வகுத்துக் கொடுத்த இனப் படிநிலைப்படியே இறங்குகிறது என்று வாதிட்டது. நேட்டாலுக்கும் மீரியபெத்தைக்கும் இது நேராகப் பொருந்தும். செஞ்சிக்குப் பொருந்த ஒரு படி தேவை.

சாதியை இனமாகக் காண்பதை அம்பேத்கர் ஏற்கவில்லை. பஞ்சாபுப் பார்ப்பனருக்கும் சென்னைப் பார்ப்பனருக்கும் இன ஒருமை என்ன இருக்கிறது என்ற வகையில் அவர் 1936இலேயே அந்தக் கோட்பாட்டைத் தகர்த்தார். இந்திய அரசும் 2001 டர்பன் மாநாட்டில் சாதி இனமன்று என்று வாதிட்டது; சாதி பேசப்படாமலிருக்க வேண்டும் என்பதே அதன் உள்நோக்கம். ஒரே வாக்கியத்தை இருவர் எதிரெதிரான தேவைகளுக்குச் சொல்ல முடியும். 1965ஆம் ஆண்டின் இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையின் முதல் உறுப்பு, இனம், நிறம் என்பவற்றோடு பிறப்புவழியையும் பாகுபாட்டின் அடிப்படையாகக் குறிப்பிடுகிறது. அதில் சாதியும் அடங்கும் என்று அந்த உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு 2002இல் விளக்கம் தந்தது. சாதியும் இனமும் ஒன்று என்று சொல்லாமலே இரண்டையும் ஒரே நீதிக் கேள்விக்குள் கொண்டுவர இது போதும். தென்னார்க்காட்டுப் பண்ணையாள் டர்பனில் வரி கட்டும் கூலியானபோது அவர் பிறப்பு மாறவில்லை. அதைத் தண்டிக்கும் சட்டம் மட்டும் மாறியது.

எல்லைகளைப் பார்க்கும் சட்டம்

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் பருவநிலை இல்லை. கிரிபாட்டித் தீவைச் சேர்ந்த ஒருவர் கடல் மட்டம் உயர்வதைக் காட்டி நியூசிலாந்தில் அடைக்கலம் கேட்ட வழக்கில், ஐ.நா. மனித உரிமைக் குழு 2020இல் வெளியிட்ட முடிவு கொள்கையளவில் கதவைச் சற்றே திறந்தது. அவருக்கோ அடைக்கலம் கிடைக்கவில்லை. நம் சட்டத்திலும் எல்லைதான் அளவுகோல். 1979ஆம் ஆண்டின் சட்டம் மாநிலம் விட்டு மாநிலம் வந்தவரையே புலம்பெயர் தொழிலாளி என்றது. அதை உள்வாங்கிய 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அப்படியே. ஒடிசாவின் பலாங்கிரிலிருந்து திருவள்ளூர் சூளைக்கு வந்தவர் சட்டத்தின் கண்ணில் படுவார். பக்கத்துக் களத்தில் கல் அறுக்கும் செஞ்சிக்காரர் படமாட்டார்.

அவருக்கு மிஞ்சுவது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். முன்பணத்துக்கு ஈடாக நகரும் உரிமையையோ வேறு வேலைக்குப் போகும் உரிமையையோ இழந்தவர் கொத்தடிமை என்பது அதன் வரையறை. கட்டாய உழைப்பு நிறுவப்பட்டால் முன்பணம் இருந்ததாகவே கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1983இல் தீர்ப்பளித்தது. இச்சட்டப்படி மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் தலைவர் ஆட்சியர். பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு மாவட்டத்தில் தலைவரும் அவரே. தமிழ்நாடு அரசின் பருவநிலை மாற்ற இயக்கத்தில் மாவட்ட இயக்குநரும் அவர்தான். மூன்று கோப்புகளும் ஒரே மேசைக்கு வருகின்றன.

மீட்பு நடவடிக்கை இன்று புகார் வந்த பிறகே, பெரும்பாலும் கோடையில், சூளைக்குள் நடக்கிறது. முன்பணம் கைமாறுவதோ அதற்குப் பல மாதம் முன்பே, மழைக்காலத்தில், வேலை நாள் போன காலனியில். பருவநிலைத் திட்டத்தில் மரம் நடும் கணக்கோடு வேலையிழந்த நாட்களின் கணக்கும் சேர்ந்தால், பேரிடர் நிவாரணத்தில் உடைமையில்லாதவரின் கூலியிழப்புக்கு ஒரு வரி சேர்ந்தால், மேஸ்திரி ஊருக்குள் வருவதற்கு முன் அரசின் பணம் வந்துசேரும். எந்த ஊரில் எத்தனை குடும்பம் எந்த மாதத்தில் முன்பணம் வாங்கியது என்ற பதிவேடு ஒன்றை ஊராட்சி தொடங்கலாம். நேட்டால் குமாஸ்தா விட்டுவிட்ட பத்தியை, ஏன் கிளம்பினாய் என்பதை, அதில் முதல் பத்தியாக வைக்கலாம்.